நவம்பர் 5 கொளுத்தல்: உங்கள் நாட்டில் எப்படி?

யார்க்_மருமகள் | 27 அக்டோபர் 2024, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். யார்க் நகரத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. தீபாவளிக்கு முறுக்கு மாவு எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "ஐந்தாம் தேதி எங்கள் தோட்டத்தில் நெருப்பு மூட்டுகிறோம், பையனைக் கூட்டிக்கொண்டு வா. பழைய சட்டை, பேன்ட் இருந்தால் கொடு" என்றார். சட்டை எதற்கு என்றால், வைக்கோல் அடைத்து ஆள் பொம்மை செய்து நெருப்பில் போடுவதற்காம்! நானூறு வருஷத்துக்கு முன்னால் நாடாளுமன்றத்துக்கு வெடி வைத்து ராஜாவைக் கொல்லப் பார்த்துப் பிடிபட்ட கை ஃபாக்ஸ் என்பவன் பொம்மையாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மதுரையில் கட்சிக்காரர்கள்தான் கொடும்பாவி கொளுத்துவார்கள். இங்கே குடும்பத்தோடு, பலகாரத்தோடு கொளுத்துகிறார்கள்.

என் ஆறு வயசுப் பையன், "அந்த மாமா என்ன தப்புப் பண்ணினார்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். என்ன சொல்வது? இது பிடிபட்டவனுக்கு எடுக்கும் விழாவா, தப்பித்த ராஜாவுக்கா? மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உங்கள் ஊரில் இது உண்டா, எப்படி நடக்கும் என்று எழுதுங்களேன்.

தேம்ஸ்காரன் | 27 அக்டோபர், இரவு 10.42

தங்கச்சி, யார்க்கில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! கை ஃபாக்ஸ் உங்கள் ஊர்க்காரன். 1570இல் அங்கே பிறந்தவன். பேராலயத்துக்குப் பக்கத்தில் செயின்ட் மைக்கேல் லெ பெல்ஃப்ரி என்று ஒரு கோவில் இருக்கிறதல்லவா, அங்கேதான் ஞானஸ்நானம். அவன் படித்த செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியும் இன்றுவரை நடக்கிறது. அந்தப் பள்ளியில் மட்டும் நவம்பர் 5க்குப் பொம்மை எரிப்பதில்லை. பழைய மாணவனை எரிக்கலாமா? பையனிடம் இதை முதலில் சொல்லுங்கள், பிடிக்கும்.

சதிக்குத் தலைவன் அவன் இல்லை. ராபர்ட் கேட்ஸ்பி என்ற வசதியான கத்தோலிக்கர். புதிதாக வந்த ஜேம்ஸ் மன்னர் கத்தோலிக்கர்கள் மேல் இருந்த கெடுபிடியைத் தளர்த்துவார் என்று நம்பி ஏமாந்த கூட்டம் அது. நாடாளுமன்றம் கூடும் நாளில் மன்னர், பிரபுக்கள் எல்லோரையும் ஒரே வெடியில் முடித்துவிடத் திட்டம் போட்டார்கள். பிரபுக்கள் அவைக்குக் கீழே இருந்த நிலவறையை வாடகைக்கு எடுத்து (ஆமாம், வாடகைக்கு!) 36 பீப்பாய் வெடிமருந்தை விறகுக்கு அடியில் ஒளித்தார்கள். ஃபாக்ஸ் ஸ்பானியப் படையில் சண்டை போட்டவன், மருந்து விஷயம் தெரிந்தவன். அதனால் திரி கொளுத்தும் வேலை அவன் தலையில் விழுந்தது. கடைசி நேரத்தில் மான்டீகிள் பிரபுவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது, "அன்றைக்கு நாடாளுமன்றத்துக்குப் போகாதீர்கள்" என்கிற மாதிரி. 1605 நவம்பர் 4 நள்ளிரவை ஒட்டி நடந்த சோதனையில் ஆள் பிடிபட்டான். பெயர் கேட்டதற்கு ஜான் ஜான்சன் என்றானாம். அவசரத்துக்கு அதைவிட நல்ல பொய்ப்பெயர் கிடைக்கவில்லை போலும். 1606 ஜனவரி 31இல் மரண தண்டனை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சட்டப்படி இது தப்பித்த ராஜாவுக்கு எடுத்த விழா. ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று கோவிலுக்குப் போய்க் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டது. அது 1859 வரை இருந்தது. அப்புறம் சட்டம் போய்விட்டது, நெருப்பு மட்டும் தங்கிவிட்டது. பொம்மையும் எப்போதும் ஃபாக்ஸாக இருந்ததில்லை. பல இடங்களில் பல காலம் போப்பாண்டவரைத்தான் எரித்தார்கள்.

இன்னொன்று. அந்தப் பொம்மைக்குக் ‘கை’ என்று பெயர் விழுந்தது. பிறகு அலங்கோலமாக உடுத்தியவனை எல்லாம் ‘கை’ என்று கேலி செய்தார்கள். கடைசியில் ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் ‘கை’ என்றாகிவிட்டது. ஆபீசில் "ஹாய் கைஸ்" என்று மெயில் வரும்போதெல்லாம் இவனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

லீட்ஸ்_அடுப்பு | 28 அக்டோபர், காலை 7.15

வரலாறு இருக்கட்டும். வெறுங்கையோடு போகாதீர்கள். யார்க்‌ஷயரில் இருக்கிறீர்கள், அன்றைக்குப் பார்க்கின் இல்லாமல் நடக்காது. ஓட்ஸ் மாவு, இஞ்சிப் பொடி, கருப்பு ட்ரீக்கிள் போட்டுச் செய்யும் கேக். ட்ரீக்கிள் என்றால் கருப்பட்டிப் பாகைக் கொஞ்சம் கருக விட்டமாதிரி, கசப்பு ஓரமாக நிற்கும். முட்டை சேர்ப்பார்கள், சைவமானால் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமான விஷயம், இந்த வார நடுவிலேயே செய்து டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். நாலைந்து நாள் ஆனால்தான் பிசுபிசுவென்று இளகி வரும். சுட்ட அன்றைக்கே தின்றால் செங்கல்.

கூடவே தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு, பல்லைப் பிடுங்கும் கருப்பு மிட்டாய் எல்லாம் இருக்கும். போன வருஷம் நான் மிளகாய்ப்பொடியும் உப்பும் எடுத்துப் போனேன், உருளைக்கிழங்குக்கு. தட்டு காலி.

சிவகாசி_பேரன் | 28 அக்டோபர், காலை 8.03

எங்க ஊர் சரக்கு அங்கே வருதா சார்?

தேம்ஸ்காரன் | 28 அக்டோபர், காலை 8.30

இல்லை தம்பி, இங்கே விற்பதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. உங்கள் ஊர் சரவெடி வந்தாலும் போட முடியாது. படாரென்று வெடிக்கும் ஒற்றை வெடி, சின்ன ராக்கெட் எல்லாவற்றுக்கும் 1997இலேயே தடை. பார்ப்பதற்கு அழகாக மேலே போய் விரியும் பெட்டி வாணங்கள்தான். சத்தத்துக்கும் 120 டெசிபல் என்று உச்சவரம்பு.

ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். இங்கிலாந்தில் இரவு 11 மணிக்கு மேல் பட்டாசு கூடாது. நவம்பர் 5க்கு மட்டும் நள்ளிரவு வரை அனுமதி. ஆனால் தீபாவளிக்கு விடியற்காலை 1 மணி வரை! 2004இல் வந்த விதி. புத்தாண்டு, சீனப் புத்தாண்டு, தீபாவளி மூன்றுக்கும் ஒரே சலுகை. ஃபாக்ஸைவிட நரகாசுரனுக்கு ஒரு மணி நேரம் கூடுதல்.

வெல்லிங்டன்_காற்று | 28 அக்டோபர், மாலை 6.20

நியூசிலாந்தில் இருந்து எழுதுகிறேன். ஊர் யாழ்ப்பாணம், இங்கே வந்து பதினாறு வருஷம்.

தங்கச்சி, உங்களுக்கு அன்றைக்கு நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். குளிருக்கு நெருப்பு சுகமாகவும் இருக்கும். எங்களுக்கு நவம்பர் வசந்தகாலம். வெல்லிங்டனில் சூரியன் மறையவே எட்டு மணி ஆகும். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எப்ப இருளும், எப்ப இருளும்" என்று காத்திருக்க வேண்டும். இங்கிலாந்துக்காரர் தங்கள் கலண்டரை அப்படியே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியதில் வந்த வினை. நெருப்பு மூட்டுவது குறைந்து, பட்டாசு மட்டும் மிஞ்சிவிட்டது. பெயர் மட்டும் இன்னும் ‘கை ஃபாக்ஸ்’தான். இங்கே பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அது ஒரு ஆளின் பெயர் என்பதே தெரியாது.

பட்டாசுக்கும் கட்டுப்பாடு கூடிக்கொண்டே போகிறது. கடைகளில் நவம்பர் 2 முதல் 5 வரை நாலே நாள்தான் விற்கலாம். வாங்குகிறவருக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். சீனவெடியும் ஈர்க்குவாணமும் தொண்ணூறுகளிலேயே தடை. ஆனால் வாங்கி வைத்ததை எப்போது கொளுத்துவது என்பதற்குப் பெரிதாகத் தடை இல்லை. அதனால் சனங்கள் நாலு நாளில் வாங்கி நாலு மாதம் வெடிப்பார்கள். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் வீட்டில் நாய் வளர்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நவம்பர் 5 இந்த நாட்டுக்கு வேறு ஒரு நாள். 1881இல் அதே தேதியில்தான் தாரனாக்கிப் பக்கம் இருந்த பாரிஹாகா என்ற மவோரி (இந்த நாட்டுப் பூர்வகுடிகள்) கிராமத்துக்குள் அரசாங்கப் படை நுழைந்தது. சுமார் 1,600 பேர், கையில் ஆயுதம். கிராமத்தை நடத்தியவர்கள் தே விட்டி, தோஹு என்ற இரண்டு பேர். தங்கள் காணியை அபகரிப்பதை எதிர்த்து, கை ஓங்காமல், அளவைக்காரர் நட்ட கட்டைகளைப் பிடுங்கி, குடியேறிகளின் நிலத்தை ஏர் கொண்டு உழுது போராடியவர்கள். படை வந்தபோது வாசலில் நின்றது சண்டைக்காரர் இல்லை. பாடிக்கொண்டு சிறுபிள்ளைகள். வந்தவர்களுக்குச் சாப்பிடப் பாணும் (ரொட்டி) வைத்திருந்தார்கள். இரண்டு தலைவர்களையும் பிடித்துக்கொண்டு போய், விசாரணையே இல்லாமல் அடைத்து வைத்தார்கள். வீடுகளை இடித்தார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல்.

இங்கே கொஞ்சப்பேர், "லண்டனில் வெடிக்காத வெடிக்கு நாங்கள் ஏன் பட்டாசு கொளுத்த வேண்டும், அன்றைக்குப் பாரிஹாகாவை நினைப்போம்" என்கிறார்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

வெல்லிங்டன் மாநகரம் 2018இல் தன்னுடைய பெரிய வாணவேடிக்கையை நவம்பரிலிருந்து எடுத்து மதாரிக்கிக்கு மாற்றிவிட்டது. மதாரிக்கி என்றால் நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்தான். நடுக்குளிரில் அது விடியலில் எழும்பும்போது மவோரிப் புத்தாண்டு. 2022 முதல் அரசு விடுமுறை. வேடிக்கை என்னவென்றால், மாற்றிய முதல் வருஷமே துறைமுகத்துக்குள் ஒரு திமிங்கலம் வந்து விளையாடத் தொடங்கிவிட்டது. அது பயந்துவிடும் என்று வாணவேடிக்கையைத் தள்ளிவைத்தார்கள். நாங்கள் குடும்பமாகப் போய்த் திமிங்கலத்தைத் தேடினோம். எங்களுக்குத் தலை காட்டவில்லை.

யார்க்_மருமகள் | 28 அக்டோபர், இரவு 8.55

அண்ணா, பாரிஹாகா பற்றி இதுவரை கேள்விப்பட்டதே இல்லை. வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். லீட்ஸ் அக்கா, ட்ரீக்கிள் வாங்கிவிட்டேன், டின் மூடியைத் திறக்கவே ஸ்குரூடிரைவர் தேவைப்பட்டது.

மன்னார்ப்பாலம் | 29 அக்டோபர், காலை 11.37

எல்லோரும் சிரித்துப் பேசுகிறீர்கள். நான் வேறு மாதிரி ஒரு அனுபவம் சொல்கிறேன்.

நான் கத்தோலிக்கக் குடும்பம். மடு மாதா கோவில் திருவிழாவில் வளர்ந்தவன். சசெக்ஸ் பக்கம் வேலைக்கு வந்த முதல் வருஷம், "லூயிஸ் போகாமல் விடாதே, இங்கிலாந்திலேயே பெரிய நெருப்பு அங்கேதான்" என்று கூட வேலை செய்தவர்கள் கூட்டிப் போனார்கள். உண்மைதான், அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. சின்ன மலைநகரம். கடைகளுக்கெல்லாம் பலகை அடித்துவிடுகிறார்கள். சங்கம் சங்கமாகக் கோடு போட்ட பனியன் அணிந்து, ஆயிரக்கணக்கில் தீப்பந்தம் பிடித்து, எரியும் தார்ப் பீப்பாய்களை வண்டியில் இழுத்துக்கொண்டு குறுகிய தெருவில் வருகிறார்கள். முகம் சுடுகிறது. புகையில் எதிரே நிற்பவர் தெரியவில்லை.

அப்புறம் பதினேழு சிலுவைகள் எரிந்துகொண்டு வந்தன. கத்தோலிக்க ராணி மேரி காலத்தில், 1555க்கும் 1557க்கும் இடையில், அந்த ஊரில் உயிரோடு கொளுத்தப்பட்ட பதினேழு புரட்டஸ்தாந்துக்காரருக்காக என்றார்கள். சரி, அது அவர்கள் துக்கம், மதிக்கிறேன். அதற்குப் பின்னால் ஒரு பொம்மை வந்தது. போப்பாண்டவர், ஐந்தாம் பவுல், 1605இல் இருந்தவர். கூட்டம் ஊளையிட்டது. அதைக் கொளுத்தினார்கள். என் பக்கத்தில் நின்ற நண்பன் என் கழுத்தில் இருந்த செபமாலையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சும்மா" என்றான். சும்மாதான். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

தேம்ஸ்காரன் | 29 அக்டோபர், பகல் 1.05

தம்பி, மனசு புரிகிறது. ஆனால் லூயிஸை வைத்து நாடு முழுக்க எடை போடக் கூடாது. அங்கே அரசியல்வாதி, நடிகர், அந்த வருஷம் யார் வாயில் விழுந்தாரோ அவர் எல்லோருடைய பொம்மையும்தான் எரிகிறது. மற்ற ஊர்களில் இப்போது பெரும்பாலும் பொம்மையே கிடையாது. நகராட்சி மைதானம், டிக்கெட், பாட்டுக்கு ஏற்ற வாணவேடிக்கை, பர்கர் வண்டி. போப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நானூறு வருஷத்துப் பழைய பகை, ஆறிப்போன சாம்பல்.

மன்னார்ப்பாலம் | 29 அக்டோபர், பகல் 1.22

சாம்பல் ஆறிவிட்டதா என்பதை எரித்தவர்கள் சொல்லக் கூடாது, அண்ணை. எரிக்கப்பட்டவர்கள் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டம் வருஷம் தவறாமல் வேறு மதத் தலைவரின் உருவத்தை எரித்துவிட்டு, "சும்மா பாரம்பரியம்" என்றால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா?

சிவகாசி_பேரன் | 29 அக்டோபர், பகல் 1.40

அவர் சொல்றதும் நியாயம்தானே. நரகாசுரனையே அசுரன் இல்லை, நம்மாளுன்னு சொல்றவங்க இருக்காங்க.

நடத்துநர் | 29 அக்டோபர், பகல் 2.00

நரகாசுரனுக்குத் தனி இழை இருக்கிறது, 214 பக்கம். தயவுசெய்து அங்கே போகவும். இங்கே நவம்பர் 5 மட்டும்.

செயின்ட்ஜான்ஸ்_பனி | 29 அக்டோபர், இரவு 11.48

கனடா, நியூஃபவுண்ட்லாந்து. 1986இல் படகில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்துக் கரைசேர்த்தார்களே, அந்தத் தீவுதான். நான் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டேன்.

கனடாவின் மற்ற பகுதிகளில் இந்த இரவை யாரும் கண்டுகொள்வதில்லை. இங்கே கடலோரக் கிராமங்களில் இன்னும் விடவில்லை. பெயர் ‘பான்ஃபயர் நைட்’ மட்டும், ஃபாக்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை. பட்டாசும் அதிகமில்லை, நெருப்புதான் எல்லாம். வாரக்கணக்காகப் பையன்கள் காட்டில் கிளை வெட்டி இழுத்து வந்து சேர்ப்பார்கள். உடைந்த வேலி, ஓட்டைப் படகு எதையும் விடமாட்டார்கள். பக்கத்துத் தெருப் பையன்கள் சேர்த்த குவியலை ராத்திரியோடு ராத்திரியாகத் திருடுவதும் விளையாட்டில் சேர்த்தி. முன்பெல்லாம் பழைய டயர்களை எரித்து ஊரையே கருப்பாக்குவார்களாம்.

மன்னார் அண்ணாவுக்கு ஒன்று சொல்ல நினைத்தேன். இந்தத் தீவில் அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர்கள் நிறைய. அவர்களும் இந்த நெருப்பைச் சுற்றி நின்றார்கள், நிற்கிறார்கள். என் வீட்டுக்காரப் பாட்டி ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். நவம்பர் 5க்கு முதல் ஆளாக விறகு கொடுப்பார். "யாரை எரிக்கிறோம்?" என்று ஒருமுறை கேட்டேன். "யாரையும் இல்லை கண்ணே, பழைய கட்டிலை" என்றார்.

மன்னார்ப்பாலம் | 30 அக்டோபர், காலை 6.50

பழைய கட்டில் என்றால் நானும் வருகிறேன். 🙂

பாஸ்டன்_ஈசல் | 30 அக்டோபர், காலை 9.12

அமெரிக்காவில், எங்கள் பாஸ்டனிலும் ஒரு காலத்தில் இருந்தது, ‘போப் டே’ என்ற பெயரிலேயே. வடக்குத் தெருக் கும்பல் ஒரு போப் பொம்மை, தெற்குத் தெருக் கும்பல் ஒரு போப் பொம்மை. வண்டியில் வைத்து இழுத்து வந்து, நடுவில் சந்தித்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஜெயித்தவர்கள் இரண்டையும் எரிப்பார்கள். 1775இல் ஜார்ஜ் வாஷிங்டன் இது அபத்தமான, சிறுபிள்ளைத்தனமான வழக்கம் என்று படைக்கே உத்தரவு போட்டார். மத நல்லிணக்கம் மட்டும் காரணமில்லை. அந்த நேரத்தில் கனடாவின் கத்தோலிக்கர்கள் அவருக்குக் கூட்டாளியாக வேண்டியிருந்தது. கூட்டணி தர்மம் நமக்குத் தெரியாததா? இந்த வருஷம் அதே தேதியில் இங்கே தேர்தல். யார் பொம்மையை யார் எரிக்கப் போகிறார்களோ.

டார்வின்_வெயில் | 30 அக்டோபர், பகல் 12.30

ஆஸ்திரேலியாவில் கை ஃபாக்ஸ் செத்து ரொம்ப நாள். நவம்பரில் நெருப்பு மூட்டினால் புல்வெளி, காடு, பக்கத்து ஊர் எல்லாம் சேர்ந்து எரியும். அதனால் பழைய காலத்திலேயே பல இடங்களில் ‘கிராக்கர் நைட்’ குளிர்காலத்துக்கு, விக்டோரியா ராணி பிறந்த மே 24 பக்கம் நகர்ந்துவிட்டது. எண்பதுகளில் பெரும்பாலான மாநிலங்கள் தனியார் பட்டாசையே தடை செய்தன. மிச்சம் எங்கள் வடக்குப் பிரதேசம். ஜூலை 1 சுயாட்சி நாள், மாலை 6 முதல் இரவு 11 வரை யார் வேண்டுமானாலும் கொளுத்தலாம். அந்த ஐந்து மணி நேரம் டார்வின் அசல் மதுரைதான்.

டர்பன்_கரும்பு | 30 அக்டோபர், இரவு 7.44

டர்பனில் மூன்று வருஷம் வேலை. இங்கே தீபாவளியும் கை ஃபாக்ஸும் அடுத்தடுத்து வருவதால் ஊர்க்காரர்களுக்கு இரண்டும் ஒரே பட்டாசு சீசன். நாளைக்குத் தீபாவளி, அடுத்த செவ்வாய் ஃபாக்ஸ். நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. கேப் டவுனில் இருந்தபோது பார்த்தது இன்னும் விசித்திரம். பையன்கள் கையில் கருப்பு ஷூ பாலிஷ் வைத்துக்கொண்டு போகிற வருகிறவர் முகத்தில் பூசிவிட்டு ஓடுவார்கள். சதிக்கும் பாலிஷுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. என் ஒரு வெள்ளைச் சட்டை போனதுதான் மிச்சம்.

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள். இங்கே எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆள் இல்லை.

லீட்ஸ்_அடுப்பு | 4 நவம்பர், மாலை 5.20

யார்க் தங்கச்சி, நாளைக்குப் போகும்போது: பையனுக்குக் கம்பளிக் கையுறை போடுங்கள். நைலான் ஜாக்கெட் வேண்டவே வேண்டாம். கம்பி மத்தாப்பு எரிந்து முடிந்ததும் தரையில் போடாமல் வாளித் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிகிற கம்பி, அணைந்த பிறகும் சுடும். நம் ஊரில் வெறுங்காலோடு மிதித்து வளர்ந்தவர்கள் நாம், இங்கே அதைச் சொன்னால் போலீஸ் வந்துவிடும்.

யார்க்_மருமகள் | 6 நவம்பர், காலை 10.05

போய் வந்தோம்! வரிசையாகச் சொல்ல வரவில்லை, வந்தபடி எழுதுகிறேன்.

நெருப்பு மூட்டும் முன்னால் அந்த அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் ஒரு வாரமாக அடுக்கிய விறகையெல்லாம் பிரித்து வேறு இடத்தில் மறுபடி அடுக்கினார்கள். ஏன் என்றால், குளிருக்கு முள்ளெலி உள்ளே போய்ப் படுத்திருக்குமாம். ஒன்றும் இல்லை. இருந்தாலும் பையன் டார்ச் அடித்து இரண்டு தரம் பார்த்தான்.

பொம்மை பிரமாதமாக வந்திருந்தது. என் வீட்டுக்காரரின் பழைய கட்டம் போட்ட சட்டை, தலைக்குப் பழைய தலையணை உறை, மீசை வரைந்திருந்தார்கள். தூக்கி மேலே வைக்கப் போகும்போது பையன் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டான். "அது அப்பா சட்டை, அப்பாவை எரிக்காதீங்க" என்று. எனக்கு இந்தப் புத்தி முன்னாடியே வந்திருக்க வேண்டும். அந்த அம்மா ஒரு நொடி யோசித்தார். "சரி, இவர் இந்த ஊர்ப் பையன், இந்த வருஷம் மன்னிப்புக் கொடுப்போம்" என்று சொல்லிப் பொம்மையை இறக்கி நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் ஒரு தட்டில் பார்க்கினும் வைத்துவிட்டார். விறகு மட்டும்தான் எரிந்தது. அவருடைய பேரப்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பார்க்கின் நன்றாக வந்தது, அக்கா. நீங்கள் சொன்ன மிளகாய்ப்பொடியும் காலி. முறுக்கையும் கொண்டுபோனேன், "இது என்ன வாணம்?" என்று சுற்றிப் பார்த்தார்கள்.

இப்போது பிரச்சினை, பொம்மையை எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள் அலறிவிட்டேன்.

தேம்ஸ்காரன் | 6 நவம்பர், காலை 10.31

வைத்திருங்கள் தங்கச்சி. போகிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

மன்னார்ப்பாலம் | 6 நவம்பர், காலை 10.40

அண்ணை, பொடியன் பார்த்துவிடப் போகிறான். அந்தச் செய்தியை அழியுங்கள்.

லீட்ஸ்_அடுப்பு | 6 நவம்பர், காலை 11.02

முதலில் சட்டையைக் கழற்றித் துவைக்கப் போடுங்கள். புகை நாற்றம் சோபாவில் ஏறினால் போகவே போகாது.